பல தட நெடுஞ்சாலைகளின் கொள்ளளவும் சேவைத் தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு தடமோ ஆறு தடமோ உள்ள ஒரு நெடுஞ்சாலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும், அதில் ஓட்டிப் போகிறவர்களுக்கு நிலைமை எப்படி இருக்கும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எண்கள் பெரும்பாலும் அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு வாரியம் வெளியிடும் ஹைவே கெப்பாசிட்டி மேனுவலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளவை. அது மெட்ரிக் அலகில் கிடைக்கிறது, கணக்கின் ஒவ்வொரு அடியும் வெளிப்படையாகத் தெரியும், அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன். பிந்தைய பதிப்புகள் மாற்றிய முக்கியமான இடங்களை அங்கங்கே சொல்கிறேன். இனி அதைச் சுருக்கமாகக் கையேடு என்றே எழுதுகிறேன்.

எந்தச் சாலைக்கு இந்த முறை பொருந்தும்?

ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு தடம் வேண்டும். சிக்னல்கள் இருக்கலாம், ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 3.2 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட நெருக்கமாக இருந்தால் வண்டிகள் சிக்னலால்தான் கட்டுப்படுகின்றன, அது நகரத் தெருவின் கணக்கு, இந்த முறையை அங்கே போட்டால் கிடைக்கும் விடைக்கு அர்த்தமில்லை. எக்ஸ்பிரஸ்வே மாதிரி உள்ளே வரவும் வெளியே போகவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வழி இருந்தால் அதற்கு வேறு அட்டவணை. பல தட நெடுஞ்சாலை இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: நடுத்திட்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பக்கத்துச் சாலைகளும் கடை வாசல்களும் நேராக அதில் வந்து சேரும்.

இன்னொன்று, இரண்டு திசைகளையும் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. காலையில் ஒரு பக்கம் நிரம்பி வழியும்போது மறுபக்கம் காலியாகக் கிடக்கும். இரண்டின் சராசரியை எடுத்தால் யாருமே அனுபவிக்காத ஒரு நிலையைத்தான் எழுதி வைப்போம்.

கொள்ளளவு என்றால் ஒரு இடத்தில் இதுவரை எண்ணப்பட்ட அதிகபட்ச வண்டிகளா?

இல்லை. ஏதோ ஒரு நாள் எல்லாம் கூடிவந்து சாதனை அளவு வண்டிகள் போயிருக்கலாம், அதை வைத்து வடிவமைக்க முடியாது. இருக்கிற சாலை, இருக்கிற வண்டிக் கலவை, இருக்கிற கட்டுப்பாடு, இவற்றோடு மறுபடி மறுபடி எட்டக்கூடிய, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச ஓட்டம்தான் (ஓட்டம் என்றால் மணிக்குக் கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கை) கொள்ளளவு. பொதுவாக 15 நிமிட ஓட்டத்தை எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மாற்றிச் சொல்வார்கள்.

கையேட்டின்படி தடையில்லா வேகம் (சாலையில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது கார்கள் போகும் வேகம், பின்னால் விளக்குகிறேன்) மணிக்கு 100 கி.மீ. இருந்தால் ஒரு தடத்துக்கு மணிக்கு 2,200 கார்கள். 90 என்றால் 2,100, 80 என்றால் 2,000, 70 என்றால் 1,900. இதில் 2,200 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 3,600 நொடியை 2,200ஆல் வகுத்தால் 1.64 நொடி வரும். அதாவது முன்னால் போகிற கார் ஒரு கம்பத்தைக் கடந்து ஒன்றரை நொடி ஆனதுமே அடுத்த காரும் கடந்தாக வேண்டும், ஒரு மணி நேரம் விடாமல், எல்லாத் தடத்திலும். யாராவது ஒருவர் பிரேக்கைத் தொட்டால் அந்த அதிர்வு பின்னால் போய்க்கொண்டே இருக்கும். கொள்ளளவில் ஓடும் சாலை ‘நன்றாக ஓடுகிறது’ என்று நினைப்பவர்களுக்கு இந்த 1.64 நொடியைத்தான் காட்டுவேன்.

சேவைத் தரத்தை ஏன் வேகத்தால் அளக்காமல் அடர்த்தியால் அளக்கிறார்கள்?

ஓட்டுகிறவருக்கு வேகம்தானே முக்கியம் என்று எல்லாரும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் பல தடச் சாலையில் வேகம் ஒன்றும் சொல்லாமல் ரொம்ப நேரம் அப்படியே நிற்கும். ஒரு தடத்தில் மணிக்கு 1,400 கார்கள் வரைக்கும் சராசரி வேகம் குறைவதே இல்லை என்றுதான் கையேட்டின் வளைகோடு காட்டுகிறது. 300 கார் போனாலும் 1,300 கார் போனாலும் அதே 90 கி.மீ. வேகம். ஆனால் 300 கார் போகும்போது நினைத்த இடத்தில் தடம் மாறலாம், 1,300 போகும்போது இடைவெளிக்காகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் வேகத்தில் தெரியாது, அடர்த்தியில் தெரியும்.

அடர்த்தி என்பது ஒரு தடத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் எத்தனை கார்கள் நிற்கின்றன என்ற எண்ணிக்கை. சேவைத் தரத்தை ஏ (மிக நல்ல நிலை) முதல் எஃப் (நெரிசல்) வரை ஆறு எழுத்துகளால் சொல்கிறார்கள். அடர்த்தி 7 வரை ஏ, 11 வரை பி, 16 வரை சி, 22 வரை டி. ஈ தரத்தின் மேல் எல்லை வேகத்தைப் பொறுத்து 25இலிருந்து 28 வரை மாறும். அதற்கு மேல் போனால் எஃப். 2016இல் வந்த ஆறாம் பதிப்பில் எல்லா வேகத்துக்கும் மைலுக்கு 45, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 28 என்று ஒரே எல்லையாக்கிவிட்டார்கள்.

இந்த எண்களை மீட்டராக்கினால்தான் உறைக்கும். அடர்த்தி 7 என்றால் ஒரு காரின் முன்பக்கத்திலிருந்து அடுத்த காரின் முன்பக்கம் வரை ஏறத்தாழ 143 மீட்டர். 16 என்றால் 62 மீட்டர். 28 என்றால் 36 மீட்டர்தான், அதிலும் காரின் சொந்த நீளம் போக மிச்சம் 31 மீட்டர் அளவுக்கு நிற்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும்.

வண்டி எண்ணிக்கை குறைவாக இருந்தால் சாலை நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா?

எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லவே கூடாது. ஓட்டம் = அடர்த்தி × வேகம். இந்தச் சமன்பாட்டை 1930களில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற போக்குவரத்துப் பொறியாளர் ஒஹையோவில் சாலையோரம் கேமராவை வைத்துப் படமெடுத்து ஆராய்ந்த காலத்திலிருந்து எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒளிந்திருக்கும் சிக்கல் இது: ஒரே ஓட்டம் இரண்டு வேறு நிலைகளில் வரலாம். ஒரு தடத்தில் மணிக்கு 1,200 வண்டி என்பது 90 கி.மீ. வேகமும் 13 அடர்த்தியுமாக இருக்கலாம், 20 கி.மீ. வேகமும் 60 அடர்த்தியுமாகவும் இருக்கலாம். முதலாவது சி தரம், இரண்டாவது நகர மறுக்கும் வரிசை. எண்ணும் கருவிக்கு இரண்டும் 1,200தான்.

இதைவிட மோசமான தப்பு நெரிசலுக்குக் கீழே, அதாவது இடுக்கான இடத்தைத் தாண்டி எண்ணுவது. அங்கே போய்ச் சேர்வது இடுக்கு விட்ட வண்டிகள் மட்டும்தான், வர விரும்பிய வண்டிகள் இல்லை. மேலே இரண்டு கிலோமீட்டர் வரிசை நின்றுகொண்டிருக்கும், கீழே எண்ணியவர் ‘கொள்ளளவுக்குள்தான் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுப்பார். வரிசை உருவாகும் இடம் என்றால் வரிசையின் வாலுக்கும் பின்னால் போய் வருகையை எண்ண வேண்டும். தேவை வேறு, கடந்துபோன எண்ணிக்கை வேறு.

தடையில்லா வேகம் என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாலையில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது, ஒருவரை ஒருவர் மறிக்காமல், கார் ஓட்டுகிறவர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் சராசரி வேகம். மொத்தக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது, அதனால் முடிந்தால் நேரில் அளங்கள் என்பதே என் முதல் யோசனை. ஒரு தடத்தில் 1,400க்குக் கீழே ஓட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, குறைந்தது 100 கார்களின் வேகத்தை எடுத்தால் போதும். கார்களை மட்டும் எடுக்க வேண்டும், லாரி பஸ்ஸைச் சேர்க்க வேண்டாம். எல்லாத் தடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். வேகமாகப் போகிற தடத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் விடை பொய்யாகிவிடும்.

சாலை இன்னும் போடவே இல்லை, வரைபடத்தில்தான் இருக்கிறது என்றால் மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அடிப்படை வேகமாக 100 கி.மீ. எடுத்துக்கொள்ளலாம். வேக வரம்பு தெரிந்தால், 80 முதல் 90 வரையான வரம்புக்கு அதோடு 8ஐயும், 65 முதல் 70 வரையான வரம்புக்கு 11ஐயும் கூட்டிக்கொள்ளலாம். பிறகு நான்கு விஷயங்களுக்காக அதிலிருந்து கழிக்க வேண்டும்.

தட அகலம் 3.6 மீட்டர் இருந்தால் ஒன்றும் கழிக்க வேண்டாம். 3.3 என்றால் 3.1 கி.மீ. வேகம் போகும், 3.0 என்றால் 10.6. இது நேர்கோடாகப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் 30 சென்டிமீட்டரைக் குறைத்தால் 3 கி.மீ., அடுத்த 30ஐக் குறைத்தால் இன்னும் ஏழரை கி.மீ. இருக்கிற அகலத்துக்குள் இன்னொரு தடத்தைக் கோடு போட்டு நுழைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அடுத்து பக்கவாட்டு இடைவெளி. சாலை ஓரத்திலிருந்து கைப்பிடிச் சுவர், கம்பம், மரம் வரையான தூரம், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 1.8 மீட்டருக்கு மேல் இருந்தாலும் 1.8தான் கணக்கு. நான்கு தடச் சாலையில் மொத்தம் 3.6 இருந்தால் கழிவு இல்லை, 1.2 என்றால் 3.0, ஒன்றுமே இல்லை என்றால் 8.7.

நடுத்திட்டு இல்லாவிட்டால் 2.6 கழியும்.

கடைசியாக, பக்கவழிகள். இதைத்தான் பலரும் அசட்டையாக விடுகிறார்கள், எனக்கு இதுதான் நால்வரில் மூத்தது. உங்கள் திசையில், ஓரத்தில் வந்து சேரும் ஒவ்வொரு குறுக்குச் சாலையும் வாசலும் ஒரு பக்கவழி. கிலோமீட்டருக்கு 6 இருந்தால் 4 கி.மீ. வேகம் போகும், 12 என்றால் 8, 18 என்றால் 12, 24க்கு மேல் 16. மறைவாக, யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் வழியை எண்ண வேண்டாம், ஓட்டுகிறவர் கண்ணில் பட்டு அவர் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க வைப்பதை மட்டும் எண்ணுங்கள். சாலை திறந்த நாளில் கிலோமீட்டருக்கு நான்கைந்து வாசல்தான் இருக்கும். ஓரத்து நிலமெல்லாம் கட்டடமானபின் அது இருபதைத் தாண்டும். அகலம் ஒரு அங்குலம் குறையவில்லை, தடம் ஒன்றும் போகவில்லை, ஆனால் சாலை மெதுவாகிவிட்டது. பக்கவழி அனுமதியைக் கட்டுப்படுத்துவது புதுத் தடம் போடுவதைவிடப் பல மடங்கு மலிவு என்று இதைக் கணக்குப் போட்ட யாருக்கும் தெரியும்.

நேரில் அளந்த வேகத்திலிருந்தும் இவற்றையெல்லாம் கழிக்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் அளந்த வேகத்தில் குறுகிய தடமும் பக்கவழியும் ஏற்கெனவே தம் வேலையைக் காட்டிவிட்டன. மறுபடி கழித்தால் ஒரே குறைக்கு இரண்டு தண்டனை.

சராசரி வேகம் எடுப்பதில் ஏதாவது சூட்சுமம் உண்டா?

உண்டு. ஒரு கார் 60 கி.மீ. வேகத்திலும் இன்னொன்று 100 கி.மீ. வேகத்திலும் போகிறது, சராசரி என்ன? 80 என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க முதல் கார் 60 நொடி எடுக்கும், இரண்டாவது 36 நொடி. சராசரி 48 நொடி, அதாவது 75 கி.மீ. வேகம். அடர்த்திக் கணக்குக்கு வேண்டியது இந்த 75தான், ஏனென்றால் மெதுவாகப் போகிற வண்டி சாலையில் அதிக நேரம் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டிகளின் வேகம் எல்லாம் ஒன்றுபோல இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது, கலந்துகட்டிப் போகும் சாலையில் நன்றாகவே வரும்.

எண்ணிய வண்டிகளை எப்படிக் கணக்குக்குக் கொண்டுவருவது?

ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எண்ணிய வண்டிகளை நான்கு எண்களின் பெருக்கலால் வகுக்க வேண்டும்: உச்ச நேரக் காரணி, தடங்களின் எண்ணிக்கை, கனரக வாகனக் காரணி (லாரி, பஸ்களைக் கார்களாக மாற்றுவதற்கு, அடுத்த கேள்வியில் பார்ப்போம்), ஓட்டுநர் காரணி. கிடைப்பது ஒரு தடத்துக்கு மணிக்கு எத்தனை கார்கள் என்ற எண்.

உச்ச நேரக் காரணி என்பது அந்த ஒரு மணி நேரத்துக்குள் வண்டிகள் எவ்வளவு சீராக வந்தன என்பதன் அளவு. மணி நேர மொத்தத்தை, மிக அதிகமாக வந்த 15 நிமிட எண்ணிக்கையின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். நான்கு கால்மணியும் ஒரே அளவு என்றால் 1.00. ஒரு தொழிற்சாலை ஷிஃப்ட் விட்டு எல்லாரும் ஒரே கால்மணியில் வெளியே வந்தால் 0.75க்கும் இறங்கலாம். எண்ணிக்கை இல்லாத இடத்தில் ஊர்ப்புறத்துக்கு 0.88, நகர்ப்புறத்துக்கு 0.92 என்று கையேடு ஒரு மதிப்பைத் தருகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக் குறித்தால் இந்த ஊகமே தேவைப்படாது, அதற்குச் செலவும் கூடுதலாக ஆகாது.

ஓட்டுநர் காரணி, அந்தச் சாலைக்குப் பழக்கமில்லாதவர்கள் அதிகம் வரும் சுற்றுலாப் பாதை மாதிரி இடங்களுக்காக. 0.85 முதல் 1.00 வரை. தினமும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் 1.00. உறுதியான காரணம் இல்லாமல் இதைக் குறைக்காதீர்கள். ஆறாம் பதிப்பு இந்தக் காரணியையே எடுத்துவிட்டது.

ஒரு லாரி எத்தனை கார்களுக்குச் சமம்?

சமதளத்தில் 1.5, ஏற்ற இறக்கமான நிலத்தில் 2.5, மலைப்பாதையில் 4.5. பஸ்ஸுக்கும் அதே எண்கள்தான். ஆறாம் பதிப்பு சமதளத்துக்கு 2.0, ஏற்ற இறக்கத்துக்கு 3.0 என்று உயர்த்தியிருக்கிறது. எனவே பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒப்பிடும்போது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். சாலையில் ஒரு லாரிகூட அதிகமாகாமலே ஓட்டம் அதிகமானதுபோலத் தெரியும்.

லாரியின் நீளம் பாதிக் காரணம்தான். மீதி, அதன் முன்னால் விழும் வெற்றிடம். மேட்டில் ஏறும்போது லாரி வேகம் இழக்கிறது, அதன் முன்னால் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது, பின்னால் வருகிறவர்கள் அடுத்த தடத்துக்கு மாறப் பார்க்கிறார்கள், அங்கேயும் ஓட்டம் குலைகிறது. அதனால் 3 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சரிவு 0.8 கிலோமீட்டருக்கு மேல் நீண்டாலோ, 3க்குக் குறைந்த சரிவு 1.6 கிலோமீட்டருக்கு மேல் நீண்டாலோ, அதைத் தனித் துண்டாகப் பிரித்து அதற்குரிய அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் கலந்து, தடக்கோட்டை யாரும் மதிக்காத சாலைக்கு இது பொருந்துமா?

அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் பொருந்தாது. தடம் என்ற கருத்தே அங்கே ஆட்டம் காண்கிறது, ஒரு தடத்தில் ஒரு காரும் அதன் பக்கத்திலேயே இரண்டு பைக்கும் போகும்போது தடத்துக்கு இத்தனை வண்டி என்று சொல்வதில் பொருள் இல்லை. அங்கே ஒரு திசையின் முழு அகலத்துக்கும் சேர்த்துத்தான் கொள்ளளவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வண்டியையும் காருக்கு ஈடாக மாற்ற ஒரு நல்ல வழி உண்டு: காரின் வேகத்தை அந்த வண்டியின் வேகத்தால் வகுத்து, அதை அந்த வண்டி தரையில் பிடிக்கும் பரப்புக்கும் காரின் பரப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குவது. பைக் பிடிக்கும் பரப்பு காரில் கால்பங்குக்கும் குறைவு, வேகமும் ஏறத்தாழ அதே, எனவே அதன் மதிப்பு கால்பங்குக்குள் நிற்கும். டிராக்டர் மெதுவாகவும் போகிறது, அகலமாகவும் இருக்கிறது, இரண்டும் பெருகி மதிப்பு எங்கேயோ போய்விடும். ஓட்டம் மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் இந்த மதிப்பும் மாறும், நிலையான ஒரே எண் கிடையாது. இந்தியாவுக்காக மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் தனிக் கையேடே உருவாக்கியதற்கு இந்தக் கலப்புதான் முக்கியக் காரணம். முறையின் எலும்புக்கூடு எல்லா இடத்திலும் ஒன்றுதான், எண்களை மட்டும் அந்தந்தச் சாலையில் அளந்து எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. நான்கு தடச் சாலை, நடுத்திட்டு உண்டு, சமதளம். ஒரு திசையில் உச்ச மணி நேரத்தில் 2,300 வண்டிகள், அதில் 12 சதவீதம் லாரியும் பஸ்ஸும். உச்ச நேரக் காரணி 0.90. தட அகலம் 3.3 மீட்டர், பக்கவாட்டு இடைவெளி மொத்தம் 3.0 மீட்டர், கிலோமீட்டருக்கு 12 பக்கவழிகள். வழக்கமாக ஓட்டுகிறவர்கள்.

முதலில் தடையில்லா வேகம். 100இலிருந்து தட அகலத்துக்கு 3.1, பக்கவாட்டுக்கு 0.6, பக்கவழிக்கு 8.0 கழித்தால் 88.3 கி.மீ. பிறகு கனரகக் காரணி: 1ஐ (1 + 0.12 × 0.5)ஆல் வகுத்தால் 0.943 (0.5 என்பது லாரியின் 1.5இல் ஒரு காரின் 1 போக மிச்சம்). ஓட்டம்: 2,300ஐ (0.90 × 2 × 0.943 × 1.00)ஆல் வகுத்தால் ஒரு தடத்துக்கு 1,354 கார்கள். இது 1,400க்குக் கீழே, எனவே வேகம் குறையவில்லை, அதே 88.3. அடர்த்தி: 1,354 ÷ 88.3 = 15.3. எல்லை 16, ஆகவே சி தரம். இந்த வேகத்துக்குக் கொள்ளளவு சுமார் 2,083, அதில் 65 சதவீதம் பயன்படுகிறது.

இப்போது வண்டிகள் 2,900ஆகப் பெருகட்டும், மற்றதெல்லாம் அப்படியே. ஓட்டம் 1,708. கையேட்டின் வளைகோட்டுப்படி வேகம் 85.2. அடர்த்தி 20, டி தரம். ஓட்டுகிறவர் இழந்தது மணிக்கு 3 கி.மீ. மட்டும், வேகமானியைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு கார்களுக்கு இடையிலான தூரம் 65 மீட்டரிலிருந்து 50க்கு இறங்கிவிட்டது.

ஒரே சாலைக்கு இரண்டு பேர் இரண்டு வேறு எழுத்து தருகிறார்களே, எது சரி?

இரண்டு பேரும் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கலாம். மேலே உள்ள உதாரணத்தையே எடுங்கள். அதே 2,300 வண்டி, உச்ச நேரக் காரணியை மட்டும் 0.90க்குப் பதில் 0.80 என்று மாற்றினால் ஓட்டம் 1,524, அடர்த்தி 17.4, தரம் டி. காரணியை 0.90இலேயே விட்டு, நிலத்தைச் சமதளம் என்பதற்குப் பதில் ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொண்டால் அடர்த்தி 17.2, அப்போதும் டி. சாலையில் ஒரு கல்லும் நகரவில்லை.

இதனால்தான் எழுத்தை மட்டும் எழுதித் தரும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. அடர்த்தி 15.3 என்பதும் 11.2 என்பதும் ஒரே சி தரம்தான், ஆனால் முதலாவது எல்லைக்கோட்டில் நிற்கிறது, இரண்டாவதற்கு இன்னும் பல வருட வளர்ச்சிக்கு இடம் இருக்கிறது. எழுத்தோடு அடர்த்தியையும், எந்த உச்ச நேரக் காரணி, எந்தக் கனரகச் சதவீதம், எந்தப் பதிப்பு என்பதையும் கேளுங்கள். அவற்றைச் சொல்ல முடியாதவர் தந்த எழுத்தை வைத்து நிலம் எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது.

ஆண்டுச் சராசரி தினசரி எண்ணிக்கை மட்டும்தான் கையில் இருக்கிறது, என்ன செய்வது?

இரண்டு பெருக்கல். தினசரி எண்ணிக்கையில் உச்ச மணி நேரத்தின் பங்கு ஒன்று, அதில் அதிகமாக ஓடும் திசையின் பங்கு இன்னொன்று. 40,000 வண்டி, உச்ச மணிக்கு 10 சதவீதம், கனத்த திசைக்கு 55 சதவீதம் என்றால் 2,200. அதே 55ஐ 60 ஆக்கினால் 2,400. மேலே உள்ள சாலையில் 2,200க்கு அடர்த்தி 14.7, 2,400க்கு 16.0, சரியாக சி தரத்துக்கும் டி தரத்துக்கும் நடுக்கோட்டில். ஐந்து சதவீத ஊகம் இவ்வளவு வேலை செய்கிறது. எந்த மணி நேரத்துக்கு வடிவமைப்பது என்றால், வருடத்தின் மணிகளை வண்டி எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி 30ஆவது மணியை எடுப்பது பழைய வழக்கம். முதலாவதை எடுத்தால் ஒரு பண்டிகை நாளுக்காக வருடம் முழுக்கக் காலியாகக் கிடக்கும் சாலையைக் கட்டுவோம்.

எத்தனை தடம் வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சி தரம் வேண்டும், தடையில்லா வேகம் 88.3 என்றால் ஒரு தடம் அதிகபட்சம் சுமார் 1,410 கார்கள் வரை தாங்கும். 2,900ஐ (0.90 × 0.943 × 1,410)ஆல் வகுத்தால் 2.42. அரைத் தடம் போட முடியாது, மூன்று. மூன்று தடத்தில் அடர்த்தி 13க்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் அந்த 2.42ஐப் பார்த்ததும் மூன்றாவது தடத்துக்கு ஓடாதீர்கள். டி தரம் போதும் என்றால் இரண்டே தாங்கும், எத்தனையோ நகரச் சாலைகளுக்கு டி ஏற்கத்தக்கதுதான். அதோடு, அகலப்படுத்திய சாலை புது வண்டிகளை இழுக்கும், வேறு நேரத்தில் போனவர்களும் வேறு வழியில் போனவர்களும் இங்கே திரும்புவார்கள். எனவே பழைய வளர்ச்சி வீதத்தை வைத்து ‘இருபது வருடத்துக்குப் போதும்’ என்று எழுதுவது துணிச்சலான வாக்கு.

ஈ, எஃப் என்றால் சாலை தோற்றுவிட்டதா?

ஈ என்பது கொள்ளளவை ஒட்டி ஓடுவது, ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதிர்ச்சி தாங்க இடமில்லை. எஃப் என்றால் வருகை கொள்ளளவைத் தாண்டிவிட்டது, வரிசை வளர்கிறது. இங்கே ஒரு வேதனையான விஷயம், ஓட்டம் ஒருமுறை உடைந்துவிட்டால் வரிசையிலிருந்து வெளியேறும் ஓட்டம் உடைவதற்கு முன் இருந்ததைவிடக் குறைந்துவிடும். அதனால் பத்து நிமிட அதிகப்படி வருகை ஒரு மணி நேர நெரிசலாக நீளும். இந்த முறை எஃப் என்று சொல்வதோடு நின்றுவிடும், வரிசை எவ்வளவு நீளம், எப்போது கரையும் என்று சொல்லாது. அதற்கு வரிசைக் கணக்கோ சிமுலேஷனோ வேண்டும்.

இந்த முறை கண்டுகொள்ளாத விஷயங்கள் எவை?

விபத்து, சாலை வேலை, ரயில்வே கேட், ஓரத்தில் நிறுத்தும் வண்டிகள், தடம் குறையும் இடம், கீழே இருக்கும் சிக்னலிலிருந்து பின்னேறி வரும் வரிசை. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் ஏமாற்றும். துண்டின் அகலம், ஓட்டம் எல்லாம் போட்டுப் பார்த்தால் சி வரும், நேரில் போனால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், காரணம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சந்திப்பு.

மென்பொருள் இருக்கும்போது இதையெல்லாம் கையால் போட்டுப் பார்க்க வேண்டுமா?

தினமும் வேண்டாம். ஆனால் மென்பொருள் காலியாக விட்ட பெட்டிகளில் தானாக ஒரு மதிப்பை நிரப்பிக்கொள்ளும், அது என்ன மதிப்பு என்று தெரியாமல் விடையை எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுச் சாலை ஒன்றை எடுத்தவுடன் ஒரே ஒரு துண்டைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அதிகம் போனால் கால்மணி நேரம் ஆகும். இரண்டு விடையும் ஒத்துவராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: ஓட்டம் தடத்துக்கா அல்லது திசைக்கா, வேகம் மைலிலா கிலோமீட்டரிலா, உச்ச நேரக் காரணி இரண்டு முறை வகுபட்டிருக்கிறதா. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.